எதெசா எனவும் ஊர்ஹாய் எனவும்: ஒரு நகரத்தின் பெயரும் சரித்திரமும்



புனித தோமையார் திருநாள் டிசம்பர் 21-ஆம் நாள், மார்கழிப் பனியினூடே, கிறிஸ்து பிறப்புக்கு நான்கு நாள் முன்னதாக வந்துகொண்டிருந்ததை நினைவில் வைத்திருப்போர் இவ்வவையில் சிலரேனும் இருக்கக்கூடும். 1969-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி திருத்தியமைக்கப்பட்டபோது அத்திருநாள் ஜூலை 3-க்கு மாற்றப்பட்டது. என் பாட்டியார் அம்மாற்றத்தை மனத்தால் ஏற்கவே இல்லை. ஜூலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்பிய பின்னரும், டிசம்பர் 21 அன்று வீட்டில் மெழுகுதிரி ஏற்றிப் பலகாரம் செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதை அவர் உயிரோடு இருந்தவரை விடவில்லை. "ஜூலை மூணுல அவருக்கு என்னடா நடந்துச்சு?" என்று அவர் என்னைக் கேட்டதுண்டு. அப்போது எனக்கு விடை தெரியவில்லை. பல்லாண்டுகள் கழித்து அவ்விடையைத் தேடிச் சென்றபோது, அது மயிலாப்பூரிலும் கிடைக்காமல், பரங்கிமலையிலும் கிடைக்காமல், மெசொப்பொத்தாமியாவின் வடமேற்கு மூலையிலுள்ள ஒரு பழைய நகரத்திற்கு என்னை இட்டுச் சென்றது. அந்நகரத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நூல்களில் அதன் பெயர் எதெசா. இன்றைய துருக்கி நாட்டின் தென்கிழக்கில், சிரியாவின் எல்லைக்கு வெகு தொலைவில் அல்லாமல், வறண்ட சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அது அமைந்துள்ளது. அந்தக் குன்றுகளைப் பார்ப்பவன் இவ்விடத்தில் ஒரு பெருநகரம் எப்படி எழுந்தது என்று வியப்பான். கோட்டை மலையின் அடியில் சுரக்கும் ஊற்றுகளைப் பார்த்த மாத்திரத்தில் அவ்வியப்பு நீங்கிவிடும். கோடையிலும் வற்றாத அந்த ஊற்றுநீர் குளங்களாகத் தேங்கி நிற்கின்றது. குளங்கள் நிறையக் கெண்டையினத்து மீன்கள். அவற்றை ஒருவரும் பிடிப்பதில்லை, உண்பதுமில்லை. ஆபிரகாமை நெருப்பிலிட அரசன் நிம்ரோது கட்டளையிட்டபோது நெருப்பு நீராயிற்று, விறகு மீனாயிற்று என்பது அங்குள்ள இஸ்லாமிய மக்கள் இன்றும் பக்தியோடு சொல்லும் ஐதிகம். அவ்வைதிகத்திற்கும் முன்னரே, சிரிய தேசத்துத் தாய்த்தெய்வமாகிய அத்தர்கத்திக்கு மீன்கள் உரியனவாகப் போற்றப்பட்டன. மதங்கள் மாறியும் குளத்து மீன்கள் மட்டும் புனிதம் மாறாமல் நீந்திக்கொண்டிருக்கின்றன.

இந்த நீரை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். ஏனெனில் நகரத்தின் பெயர்களில் பலவும் இந்நீரிலிருந்தே பிறந்தவை. அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரும், சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்துகொண்டு மெகஸ்தனிசைப் பாடலிபுத்திரத்திற்குத் தூதனுப்பியதன் வாயிலாக நம் சரித்திரப் புத்தகங்களில் இடம்பெற்றவருமாகிய செலூக்கஸ் நிக்கேட்டர், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரைப் புதிதாக அமைத்து, தம் தாய்நாடாகிய மாசிடோனியாவின் பழைய நகரமொன்றின் பெயரை இதற்கு இட்டார். அந்த மூல எதெசா அருவிகளுக்குப் பெயர்போன ஊர். பிற்காலத்தில் அங்கு வந்து குடியேறிய ஸ்லாவிய மக்கள் 'நீர்' என்னும் பொருள்படவே அதனை 'வோதென்' என்றழைத்தனர். தூரதேசத்தில் நீர்வளம் கண்ட படைவீரனுக்குத் தன் ஊர் நினைவு வந்திருக்கும், அந்நினைவே பெயராயிற்று. செலூக்கிய மரபில் வந்த நான்காம் அந்தியோக்கஸ் காலத்து நாணயங்களிலோ 'கல்லிரோயின் கரையிலுள்ள அந்தியோக்கியா' என்னும் பெயர் காணப்படுகின்றது. கல்லிரோய் என்றால் கிரேக்கத்தில் 'அழகிய நீரோட்டம்'.

இவையெல்லாம் அரசர் இட்ட பெயர்கள். அங்கே வாழ்ந்த அரமேய மக்களோ தங்கள் நகரத்தை 'ஊர்ஹாய்' என்று அழைத்துவந்தார்கள். அவர்கள் பேசிய சுரியானி மொழியில் எழுதப்பட்ட ஏடுகள் அனைத்திலும் அதன் பெயர் ஊர்ஹாய் என்பதே. அந்நகரைத் தலைநகராகக் கொண்ட சிற்றரசுக்கு 'ஒஸ்ரொயீனி' என்று கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பெயரும் இச்சொல்லின் திரிபே எனக் கருதப்படுகின்றது. ஊர்ஹாய் என்னும் ஒலியைத் தழுவியே கிரேக்கர்கள் கல்லிரோய் என்ற அழகிய சொல்லைத் தேர்ந்துகொண்டனர் என்று உரைக்கும் அறிஞரும் உளர். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகின்றேன்: 'ஊர்' என்று காதில் விழுந்தவுடன் நம் தமிழ்ச் சொல்லை அங்கே கண்டுவிட்டதாக மகிழ்ந்துபோகும் ஆசை நம்மவர்க்கு எழுவது இயல்பு. ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு இரண்டு மொழிகளை உறவாக்குவது ஆராய்ச்சியாகாது. ஊர்ஹாய் நமக்கு உறவாவது சொல்லினால் அன்று. அவ்வுறவு பின்னால் வருகின்றது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் செலூக்கியரின் பிடி தளர்ந்தபோது, அரபு வழியினரான ஓர் அரச குலம் அங்கே ஆட்சியைக் கைப்பற்றியது. அப்கார், மஃனு என்னும் பெயர்களை மாறிமாறிச் சூடிய அவ்வரசர்கள், மேற்கே உரோமும் கிழக்கே பார்த்தியாவும் நெருக்க, இரண்டு யானைகளுக்கு நடுவே வீடு கட்டியவர்களைப் போல ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் காலம் தள்ளினர். கோட்டை மலையின்மேல் இன்றும் ஓங்கி நிற்கும் இரண்டு தூண்களுள் ஒன்றில், மஃனுவின் மகளாகிய ஷல்மத் என்னும் அரசியின் பெயர் சுரியானி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

இக்குலத்து மன்னருள் பெரியவர் எனப் போற்றப்படும் எட்டாம் அப்கார் ஆண்ட காலத்தில், கி.பி. 201-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவொன்றில் நிகழ்ந்த ஒரு விபத்தைச் சற்று நின்று பார்க்க விரும்புகின்றேன். நகரத்தினூடே ஓடிய ஆற்றுக்குத் தைசான் என்று பெயர். 'துள்ளுவது' என்று பொருள். கிரேக்கரும் அதே பொருளில் 'ஸ்கிர்த்தஸ்' என்றனர். ஆண்டின் பெரும்பகுதியும் ஒடுங்கிக் கிடக்கும் அவ்வாறு, மலையில் மழை பெய்தால் பெயருக்கேற்பத் துள்ளியெழும். அவ்விரவில் மதகுகள் அடைபட்டிருந்தமையால் நீர் மதிலுக்கு வெளியே கடல்போல் தேங்கி, பின்னர் மதிலின்மேல் ஏறி நகருக்குள் இறங்கியது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசர் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்று தீவட்டி வெளிச்சத்தில் வெள்ளத்தைக் கண்டார். இவ்வளவையும், வெள்ளத்திற்குப்பின் கைவினைஞர் ஆற்றோரத்தில் கடைகள் கட்டக்கூடாதென அரசர் இட்ட தடையையும், வரி நீக்கத்தையும்கூட, அரண்மனை எழுத்தர்கள் குறித்துவைத்தார்கள். 'எதெசாவின் காலக்குறிப்பு' என்னும் ஆறாம் நூற்றாண்டு நூல் அக்குறிப்பை நமக்குக் காத்துத் தந்திருக்கின்றது.

அக்குறிப்பில், வெள்ளம் இடித்த கட்டடங்களைச் சொல்லிவரும்போது, கிறிஸ்தவர்களின் கோயிலும் சேதமுற்றது என்னும் செய்தி போகிறபோக்கில் வருகின்றது. கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறிஸ்தவத்துக்கு உரிமை வழங்குவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, அடியார்கள் வீடுகளில் கூடி வழிபட்ட அக்காலத்தில், பலரும் அறிந்த ஒரு கோயில் எதெசாவில் நின்றது. அது நின்ற செய்தியை நாம் அறிவதோ அது வெள்ளத்தில் சேதமுற்றதனால். அந்த எழுத்தர் அதனைப் பெருமையாகவும் எழுதவில்லை, இழிவாகவும் எழுதவில்லை. இடிந்தவற்றுள் ஒன்றாக எழுதிவிட்டு மேலே செல்கின்றார். திருச்சபையின் தொடக்ககாலச் சான்றுகளுள் இதைக்காட்டிலும் என் மனத்தைத் தொட்டது வேறொன்றில்லை.

ஆனால் எதெசாவுக்கு உலகப் புகழ் தேடித்தந்தது இந்த மெய்யான வரி அன்று, ஒரு கதை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாற்றை எழுதிய செசரியா ஆயர் எவுசேபியு, தம் நூலின் முதற்பகுதியில் அதனை உரைக்கின்றார். 'உக்காமா', அதாவது கறுப்பர், என்று பெயர்பெற்ற ஐந்தாம் அப்கார் மன்னர் தீராத நோயால் வருந்தி, எருசலேமில் இயேசு செய்யும் அற்புதங்களைக் கேள்வியுற்று, தம் நகருக்கு எழுந்தருளுமாறு கடிதம் எழுதினார் என்றும், தாம் விண்ணேறிய பின் சீடர் ஒருவரை அனுப்புவதாக இயேசு மறுமொழி விடுத்தார் என்றும், அவ்வண்ணமே தோமையார் ததேயுவை அனுப்ப அவர் வந்து மன்னரைக் குணப்படுத்தினார் என்றும் அக்கதை செல்கின்றது. இவ்விரு கடிதங்களையும் எதெசாவின் ஆவணச் சாலையிலிருந்து எடுத்துச் சுரியானியிலிருந்து பெயர்த்ததாக எவுசேபியு கூறுகின்றார். ததேயுவைச் சுரியானியர் அத்தாய் என்பர். அவர் பெயரால் பின்னர் எழுந்த நூலில், அரசரின் தூதர் ஹன்னான் இயேசுவின் திருமுகத்தை ஓவியமாகத் தீட்டிக் கொணர்ந்த செய்தியும் சேர்ந்துகொண்டது. காலம் செல்லச்செல்ல அது மனிதக் கை தீட்டாத படமாகவே மாறியது.

கடிதம் மெய்யானதன்று என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே இன்று ஐயமில்லை. எட்டாம் அப்காரின் காலத்து நினைவுகளைப் பிற்காலத்தார் இரு நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளி ஐந்தாம் அப்காரின்மேல் ஏற்றிவிட்டனர் எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும், பொய் என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை. ஒரு நகரத்து மக்கள் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் ஒரு கதையைத் தங்கள் மதிலாக நம்பி வாழ்ந்தனர் என்பது மெய்யாக நிகழ்ந்த சரித்திரமே. கி.பி. 384 வாக்கில் மேற்றிசையிலிருந்து யாத்திரையாக வந்த எகேரியா என்னும் பெண்மணி அதைத் தம் கண்ணால் கண்டு எழுதியிருக்கின்றார். முதலில் தோமையாரின் கல்லறைக் கோயிலில் வேண்டுதல் செய்துவிட்டு, பின்னர் அரண்மனையையும், மின்னும் மீன்கள் நிறைந்த தெளிந்த குளங்களையும், அப்காரின் பளிங்குச் சிலையையும் பார்க்கின்றார். ஆயர் அவரை நகரவாயிலுக்கு அழைத்துச் சென்று, கடிதம் உள்ளே வந்த வாயில் இதுவே என்று காட்டி, அன்றுமுதல் பிணமோ துக்கம் காப்பவரோ இவ்வாயில் வழியே போவதில்லை என்கின்றார். பாரசீகர் முற்றுகையிட்டு நகருக்கு வரும் நீரைத் திருப்பிவிட்டபோது, அதே வேளையில் நகருக்குள் புதிய ஊற்றுகள் பீறிட்டன என்பதும் அவர் வாய்மொழி. கடிதங்களின் படிகளைப் பெற்றுக்கொண்ட எகேரியா, தம் ஊரில் உள்ள படியைவிட இது விரிவானது என்று மகிழ்கின்றார். தாகத்திற்கு அஞ்சி வாழ்ந்த ஊரின் ஐதிகம் நீரைச் சுற்றியே வளர்ந்திருப்பதில் வியப்பில்லை.

கதையை விட்டுக் கருத்துலகிற்கு வருவோமாயின், எதெசாவின் கிறிஸ்தவம் ஒரே நிறமுடையதாய் இருக்கவில்லை என்பது புலனாகும். தைசான் ஆற்றின் பெயரையே தம் பெயராகக் கொண்டு, 'பார்தைசான்', அதாவது தைசானின் மகன், என்று வழங்கப்பட்ட தத்துவ ஞானி ஒருவர் எட்டாம் அப்காரின் அவையில் இருந்தார், 154-இல் பிறந்து 222-இல் மறைந்தவர், வில்வித்தையில் வல்லவர், விதியையும் மனிதனின் சுயேச்சையையும் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். அவருடைய கருத்துகளை அவர் மாணாக்கர் எழுதிவைத்த 'நாடுகளின் சட்டங்கள்' என்னும் நூலில், ஒரே கோள்நிலையில் பிறந்தவர்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஒழுக்கம் உடையவர்களாய் இருப்பது எவ்வாறு என்று சோதிடர்களைக் கேட்பவர், இந்தியப் பிராமணரின் நோன்பையும் எடுத்துக்காட்டாக உரைக்கின்றார். உரோமைப் பேரரசரிடம் சென்ற இந்தியத் தூதர்களோடு அவர் உரையாடிய செய்தியைப் போர்பிரி என்னும் கிரேக்க ஞானி குறித்துள்ளார். பிற்காலத் திருச்சபை அவரை மறுத்தது.

பெயரைப் பற்றிய இச்சொற்பொழிவில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பார்தைசானின் வழியினர், மார்சியோனின் வழியினர், மானியின் வழியினர் எனப் பலரும் தங்களைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டமையால், பின்னர் வைதிகத் திருச்சபை எனப்பட்டவர்களை, பழைய ஆயர் ஒருவரின் பெயரால் 'பாலூத்தியர்' என்று அந்நகரத்தார் அழைத்தனர். இதனை மனவருத்தத்தோடு எழுதுபவர் புனித எபிரேம். கிறிஸ்துவின் பெயரை அணிய வேண்டியவர்களுக்கு மனிதன் ஒருவனின் பெயர் ஒட்டிக்கொண்டதே என்பது அவர் வருத்தம். எதெசாவின் தொடக்ககாலக் கிறிஸ்தவம் முழுவதையும் இக்குறிப்பைக்கொண்டு மறுபரிசீலனை செய்து, வால்ட்டர் பவுவர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1934-இல் வெளியிட்ட நூல் பெரும் வாதத்தை எழுப்பியது. அவருடைய முடிவு சற்று மிகையே என்பது என் அபிப்பிராயம். அவர் எழுப்பிய வினாவோ நியாயமானது.

எபிரேம் எதெசாவில் பிறந்தவர் அல்லர். 363-இல் யூலியன் பேரரசர் போர்க்களத்தில் மாள, உரோமர் நிசிபிஸ் நகரைப் பாரசீகருக்கு விட்டுக்கொடுத்தபோது, வீடிழந்து வெளியேறிய கிறிஸ்தவருள் ஒருவராக அவர் இங்கு வந்தார். தம் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகளை இங்கே கழித்து, பஞ்சத்தில் வாடியோர்க்குத் தொண்டு செய்து 373-இல் மறைந்தார். பார்தைசானின் பாடல்கள் மக்கள் நாவில் உலவக்கண்டு, பாட்டைப் பாட்டாலேயே வெல்ல எண்ணி, பெண்களைக் குழுவாகச் சேர்த்துத் தாம் இயற்றிய பாக்களைப் பயிற்றினார் என்று மரபு கூறுகின்றது. கிரேக்கமே சமயத்தின் மொழியாய் மேற்கே கோலோச்சிய நாளில், எதெசாவின் பேச்சுமொழியாகிய சுரியானி இவராலும் இவர்போன்றாராலும் தெய்வத்தமிழ் என்று நாம் சொல்வது போன்ற ஒரு பக்திமொழியாய் உயர்ந்தது. ஆண்டு குறிக்கப்பட்ட சுரியானி ஏடுகளுள் மிகப் பழையது, எதெசாவில் 411-ஆம் ஆண்டு நவம்பரில் எழுதி முடிக்கப்பட்டு, இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் இறுதியில் எழுத்தர் குறித்த ஆண்டு 723. அது செலூக்கஸ் தொடங்கிவைத்த சகாப்தம். செலூக்கஸ் இட்ட பெயரை விட்டுவிட்ட மக்கள், அவர் தந்த ஆண்டுக்கணக்கை மட்டும் எழுநூறு ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கொண்டிருந்தனர்.

இம்மொழியே இவ்வூரை நம்மோடு இணைக்கும் கயிறு. தோமையார் இந்தியாவுக்குச் சென்று வேதம் போதித்து வேலால் குத்துண்டு மரித்ததாகக் கூறும் 'தோமையார் பணிகள்' என்னும் பழைய நூல், மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதெசாப் பகுதியிலேயே இயற்றப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. அவருடைய எலும்புகளை இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் எதெசாவுக்குக் கொண்டுவந்ததை எபிரேம் தம் பாக்களில் பாடியுள்ளார். 394-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் அவை அங்குள்ள பெரிய கோயிலில் வைக்கப்பட்டதைக் காலக்குறிப்பு தெரிவிக்கின்றது. பின்னர் எதெசா வீழ்ந்தபின் அவ்வெலும்புகள் கியோஸ் தீவில் தங்கி, 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகரை அடைந்தன. மயிலாப்பூரிலுள்ள தோமையார் கல்லறை வெறுமையாகவும் வணங்கப்படுவதாகவும் ஒருங்கே இருப்பதன் பொருளை, இந்தப் பிரயாணத்தை அறிந்தவர்களே உணரமுடியும்.

எதெசாவில் 'பாரசீகர் கல்விச்சாலை' என்று புகழ்பெற்ற ஒரு வேதக்கல்லூரியும் இருந்தது. கிறிஸ்துவின் இயல்புகளைப் பற்றிய வாதத்தின் சூட்டில், சேனோ பேரரசர் 489-இல் அதனை மூடிவிட, ஆசிரியர்களும் மாணாக்கரும் எல்லை கடந்து நிசிபிசுக்குச் சென்றனர். மூடியவருக்குக் கிடைத்த பயன் வேறு. அக்கல்வி பாரசீகத்தில் வேரூன்றி, கடல்வணிகரோடு மலையாளக் கரைக்கும் வந்துசேர்ந்தது. கேரளத்துச் சீரோ மலபார்க் கோயில்களில் இன்றும் 'அத்தாய், மாரி' என்னும் திருத்தூதர் பெயரால் குர்பானா என்னும் பூசை நிறைவேற்றப்படுகின்றது. அந்த அத்தாய், அப்காரைக் குணப்படுத்தியதாகக் கதை சொல்லும் அத்தாயே.

இதற்குப் பின் வந்த சரித்திரத்தை விரைந்து கடந்துவிடுகின்றேன். 525-இல் தைசான் மீண்டும் துள்ளி நகரத்தை அழிக்க, பேரரசர் முதலாம் யுஸ்தின் அதனைப் புதுப்பித்து 'யுஸ்தினோப்பொலிஸ்' என்று தம் பெயரையே சூட்டினார், அப்பெயர் நிலைக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் அரபியர் வந்தபோது, மக்கள் வாயிலிருந்த ஊர்ஹாயையே கேட்டு 'அர்-ருஹா' என்றனர். 944-இல் திருமுகப் படம், இருநூறு கைதிகளின் விடுதலைக்கும் பன்னீராயிரம் வெள்ளிக்காசுக்கும் மாற்றாகக் கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போயிற்று. 1098-இல் சிலுவைப் போர்வீரர் அங்கே ஒரு சிற்றரசு நிறுவினர். 1144-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முந்தையநாள் சங்கி என்னும் தளபதி அதனைக் கைப்பற்ற, இரண்டாம் சிலுவைப்போர் மூண்டது. துருக்கியர் நாவில் ருஹா 'உர்பா' ஆயிற்று. 1984-இல் அரசு 'கீர்த்திமிக்க' என்னும் அடைகொடுத்து 'ஷான்லிஉர்பா' என்றது. அதற்கு அறுபதாண்டுகள் முன்னரே, 1924-இல், எஞ்சியிருந்த சுரியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் உடைமைகளைச் சுமந்துகொண்டு சிரியாவின் அலெப்போவுக்குச் சென்று குடியேறிவிட்டனர். அந்நகரத்துக்குப் பெயர் தந்த அரசர் பலர். அப்பெயர்களுள் எதுவும் அங்கே நிலைக்கவில்லை. சந்தையில் பேசியவரும் ஆற்றங்கரையில் துணி துவைத்தவரும் வழங்கிய பெயரே, ஊர்ஹாய், ருஹா, உர்பா என்று தேய்ந்தும் திரிந்தும் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்துவந்திருக்கின்றது.

என் பாட்டியாரின் கேள்விக்கு வருகின்றேன். பழைய சுரியானி நாட்காட்டி ஒன்றில் ஜூலை 3-க்கு நேரே ஒரு குறிப்பு உள்ளது: இந்தியாவில் வேலால் குத்தப்பட்ட தோமையாரின் திருநாள் அது என்றும், காபின் என்னும் வணிகர் கொண்டுவந்த அவருடைய உடல் தங்கள் நகரத்தில் உள்ளது என்றும், அன்று பெருவிழா என்றும் அது தெரிவிக்கின்றது. நம் நாட்டுக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு பேழை அந்த நீரூற்றுகளின் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததைக் கொண்டாடும் நாளே இன்று மயிலாப்பூரிலும் தோமையார் திருநாள். அக்குறிப்பில் நகரத்தின் பெயர் எதெசா என்று இல்லை. ஊர்ஹாய் என்றே இருக்கின்றது.